கிணறு இறைக்க ஒரு பகல் மின்சாரம் வேண்டி

அனுப்புநர்:
செல்லத்தாய், க/பெ (காலஞ்சென்ற) மலையாண்டி,
ஆண்டிக்கரை, திருவாதவூர் அருகில்,
மேலூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பொருள்: துண்டிக்கப்பட்ட பம்ப்செட் இணைப்பை ஒரே ஒரு பகல் திருப்பித் தரக் கோருதல் – சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் தங்கை மகள் அழகம்மாள் எழுதுகிறாள்.

2. மின்கட்டண உயர்வைக் குறைக்கும்வரை கட்டுவதில்லை என்று எங்கள் ஊர் விவசாயிகள் கூடி முடிவெடுத்தார்கள். என் வீட்டுக்காரரும் கை தூக்கினார். மறுவாரமே மின்வாரிய ஆட்கள் வந்து மோட்டாரின் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் போனார்கள். மேற்கேயுள்ள நூல் மில்லில் மட்டும் ராப்பகலாக விளக்கு எரிகிறது. மில்லுக்கு ஒரு நியாயம், வயலுக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் எங்களைக் கலகக்காரர்கள் என்கிறார்கள்.

3. நெல் பால் பிடிக்கும் பருவம். கமலை போட்டு இறைக்க மாடு இல்லை. கரண்டு வந்த வருடமே மாட்டை விற்றுத்தான் மோட்டார் வாங்கினோம். இனிக் கமலை எதற்கு என்று அன்று சொன்னவர்களும் அதிகாரிகள்தான். பரணில் கிடந்த கமலை வடத்தை எடுக்கச் சொல்லி, என் வீட்டுக்காரர் தன் தம்பி சுருளியிடம் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்கிறேன்: "மாடு இல்லாட்டி என்னடா, நாம ரெண்டு பேரு இருக்கோம்ல."

4. மாட்டுக்கு நுகத்தில் கட்டுவதுபோல் அவர் வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டார். சுருளி தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர் மொள்ளும் இரும்புச் சால் நிறைந்து மேலே வரும்போது சுருளிக்குக் கால் வழுக்கி, தோளில் கிடந்த வடம் நழுவிவிட்டது. நிறைசாலின் பாரம் என் வீட்டுக்காரரைப் பின்னுக்கு இழுத்துக் கிணற்றுக்குள் கொண்டுபோய்விட்டது. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்து நின்றவள் நான்.

5. பட்ட காலிலே படும் என்பார்கள். ஆள் விழுந்து இறந்த கிணற்றை ஒட்ட இறைத்து, புது ஊற்று சுரந்த பிறகே மறுபடி புழங்குவது எங்கள் வழக்கம். அந்தக் கமலையில் தன் மாட்டைப் பூட்ட ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கிறது. பயிர் எதிரிலேயே கருகுகிறது.

6. அழகம்மாள் கல்லூரியில் அமெரிக்கச் சரித்திரம் படிக்கிறாள். நூறு வருடத்துக்கு முன் அங்கேயும் ரயில் கம்பெனிகள் கேட்ட சரக்குக் கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் சங்கம் கட்டினார்களாம். விலை போகாத மக்காச்சோளத்தை விறகாக அடுப்பில் எரித்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்த அடுப்பின் முன்னாலும் என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

7. ஆகவே ஐயா, நஷ்டஈடு கேட்டு இம்மனுவை அனுப்பவில்லை. பாக்கியைக் கட்டிவிட்டு இணைப்பு வாங்கிக்கொள் என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். அவர் தூக்கிய கையை நான் இறக்க மாட்டேன். ஒரு பகல் மட்டும் கரண்டு கொடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். கிணறு வற்றியதும் தங்கள் ஆட்களே பீஸ் கட்டையை எடுத்துப் போகட்டும். குறுக்கே நிற்க மாட்டேன்.

இறைக்கிற தண்ணீர் வீணாகாது ஐயா. அவர் நட்ட பயிருக்குத்தான் பாயும்.

இடம்: ஆண்டிக்கரை
நாள்: 9-3-1979

இப்படிக்கு,
செல்லத்தாய்
(இடது கைப் பெருவிரல் ரேகை)