முதல் கூடை

17-6-1962, ஞாயிறு. ராமநாதபுரம்.

காலை முழுவதும் குழாயடியில் நின்று அரைக்குடம் தண்ணீர். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் தொண்டை கட்டிவிட்டது. எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் கீழக்கரை நெய்னா முகம்மது காக்கா நிற்கிறார். அவர்கள் பேச்சில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கொழும்பில் கடை வைத்திருப்பவர். அவர் மகள் என்னிடம் படித்தவள். ஆறு வருஷமாக எனக்கு வேண்டிய புத்தகங்களை அங்கிருந்து சுமந்து வந்து தருபவர் அவர்தான்.

இன்று புத்தகம் இல்லை, கடிதம். டிசம்பரில் கொழும்பில் மாநாடு. பழைய சீனத்து ராஜநீதியைப் பற்றிப் பல தேசத்துப் பேராசிரியர்கள் கூடிப் பேசுகிறார்கள். என் கட்டுரையை எடுத்துக்கொண்டார்களாம்! ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்த யோசனைகளால் இன்றைக்கு என்ன பிரயோஜனம்? கண்ணால் கண்ட உதாரணம் ஒன்று சேர்க்க முடியுமா?

முடியுமாவா? கைவசம் இருக்கிறதே.

அந்தச் சீனர்களுக்குள் இரண்டு கட்சி. தண்டனையைக் காட்டினால்தான் ஜனங்கள் அடங்குவார்கள் என்பது ஒன்று. ஆள்பவன் தானே முன்னால் நின்று செய்தால் ஜனங்கள் வெட்கப்பட்டாவது பின்னால் வருவார்கள் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. என் சாட்சி எங்கள் ஊர்க் கண்மாய். வருஷா வருஷம் ஆடியில் கரைக்கு மண் போடும் நாளில் முதல் கூடையை என்னைப் பெற்ற அய்யாதான் சுமப்பார். பெரிய வீட்டுக்காரர் கூடையைக் கரையில் கவிழ்க்கும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். கவிழ்த்த பிறகு யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். யாரும் யாரையும் மிரட்டியதில்லை.

ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். “எங்கள் ஊரில் இன்றும் இது நடக்கிறது” என்று முடித்திருக்கிறேன். அய்யா இப்போது இல்லை, ஆனால் அண்ணன் எடுக்காமலா இருப்பார்?

25-6-62

கொழும்புக்குப் போகப் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டேன். தலைமையம்மா “பார்க்கலாம்” என்றார். அந்தப் பார்க்கலாமை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

8-7-62, ஞாயிறு. ஊரில்.

ஏன் வந்தேன் என்றிருக்கிறது.

கமுதியில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தால், பிள்ளையார் கோயில் சுவரில் நோட்டீஸ். ‘கண்மாய் வேலைக்கு வராத வீடு ஒன்றுக்கு இரண்டு ரூபாய் அபராதம். முனியசாமி, பஞ்சாயத்துத் தலைவர்.’ என் அண்ணன்! அய்யா போய் இரண்டு வருஷம், அண்ணன் தலைவராகி ஒரு வருஷம்.

“முதல் கூடையை நீதானே எடுக்கப் போறே?” என்று கேட்டேன்.

“நான் எதுக்குடி எடுக்கணும்? நான் தலைவரு. கணக்குப் பார்க்கணும், ஆபீசருக வந்தாப் பேசணும்.”

“அய்யா எடுக்கலையா?”

“அய்யா காலத்துல அவரு சொல்லுதான் சட்டம். இப்ப நெசமாவே சட்டம் இருக்கு. வரலைன்னா அபராதம். சோலி முடிஞ்சுச்சு.”

இதைத்தான் அந்த முதல் கட்சிக்காரர்கள் சொன்னார்கள், அதிலுள்ள கோளாறு என்னவென்றால் என்று ஆரம்பித்தேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே மதினியைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியா இருளாயி? நம்ம கம்மாய்க்குச் சீனாவுல இருந்து ரோசனை வருது.”

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். இருக்கட்டும்.

5-8-62, ஞாயிறு. ஊரில்.

கண்மாய் வேலை நாள். கரையில் மொத்தம் ஏழெட்டுப் பேர்.

மற்றவர்கள் எங்கே? அபராதத்தைக் கட்டிவிட்டார்கள்! இந்த வருஷம் மிளகாய் நல்ல விலைக்குப் போயிருக்கிறது. இரண்டு ரூபாயை வீசிவிட்டுக் கமுதிச் சந்தைக்கும் சினிமாவுக்கும் கிளம்பிவிட்டார்கள். சோணையம்மாளை வழியில் மறித்துக் கேட்டேன். அய்யா காலத்தில் கைப்பிள்ளையை மரத்தடியில் போட்டுவிட்டு மண் சுமந்தவள்.

“அதான் ரூவா கட்டிட்டோமே தாயி. பெறகு என்ன? முந்தியெல்லாம் வராம இருந்தா உங்கய்யா மூஞ்சியில முழிக்க முடியாது. இப்ப ரசீது குடுத்துர்றாகளே.”

எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறாள்!

அண்ணனுக்கோ பெருமை தாங்கவில்லை. பஞ்சாயத்துக்கு இவ்வளவு வரும்படி வந்ததே இல்லையாம். “வரும்படியைக் கரையில கொட்டுனா தண்ணி நிக்குமா?” என்றேன். ஆள் வைத்து வேலை பார்ப்பாராம். எந்த ஆள்? எல்லாரும்தான் சினிமாவில் இருக்கிறார்களே.

10-8-62

“எங்கள் ஊரில் இன்றும் இது நடக்கிறது.” இந்த வரியைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது. அடித்தால் கட்டுரைக்கு உயிர் இல்லை. விட்டால் பச்சைப் பொய். ஆறு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்ததை ஒரு கண்மாய்க் கரையில்கூட நிறுத்திக் காட்ட முடியவில்லையே. என்ன பிரயோஜனம் என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

24-10-62

வடக்கே சண்டை. சீனா உள்ளே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்ததும் தலைமையம்மா கூப்பிட்டனுப்பினார்.

“கொழும்பும் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். கமிட்டியில் எல்லாரும் கேட்கிறார்கள். சீனா என்கிற பேச்சே நம் பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாது.”

“இவர்களெல்லாம் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது அம்மா.”

“செத்தவனும் சீனாக்காரன்தானே?”

எல்லையில் நம் பையன்கள் குளிரில் சாகிறார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? யுத்த நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் முன்னால் நின்றேன். ஆனால் இது வேறு, அது வேறு என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

31-10-62

அண்ணனிடமிருந்து கார்டு. “அந்தப் புஸ்தகங்களை அடுப்பில் போடு. என் பதவிக்கு வினை வைக்காதே.” அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். திருடியைப் போல.

19-11-62, திங்கள்.

லீவு. உடம்பெல்லாம் வலி. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நாலைந்து நாளாக விடாத மழை. கண்மாய் மேலக்கரை இளகுகிறது, வெள்ளாமை போய்விடும் போலிருக்கிறது என்று மதினி ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் போய் என்ன செய்ய? இருந்தாலும் போனேன். கமுதியிலிருந்து முழங்கால் சேற்றில் நடை.

மேலக்கரையில் ஒரு பாகம் சரிந்து, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கரைமேல் அண்ணன், வெள்ளைச் சட்டையும் குடையுமாக. கீழே பனைகளுக்கடியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. மண்வெட்டியும் இருக்கிறது, கூடையும் இருக்கிறது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“அஞ்சு ரூவா! இப்ப எந்திரிக்காதவனுக்கு அஞ்சு ரூவா அபராதம்!” என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்துகிறார்.

“கட்டிர்றோம்யா” என்றார் மலையாண்டி, வெற்றிலையை மென்றுகொண்டே. அவர் நிலமும் இந்தக் கண்மாய்க்குக் கீழேதான். “தலைவரு எவ்வளவு கேட்டாலும் கட்டிர்றோம்.”

நாலு பேர் சிரித்தார்கள். தங்கள் பயிர் போகப் போகிறது, சிரிக்கிறார்கள்! என்ன ஜனங்கள் இவர்கள்? என்ன தலைவர் இவர்?

எனக்கு எந்தச் சீன ஞானியும் நினைவுக்கு வரவில்லை. அண்ணன் மேல் வந்த கோபம் மட்டும்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, கிடந்த கூடை ஒன்றில் கையாலேயே சேற்றை வாரிப் போட்டேன். தூக்கினால் இடுப்புக்கு மேல் வரவில்லை. கால் வழுக்கியது. மறுபடி தூக்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணன் குடையை எறிந்துவிட்டுக் குதித்து வந்தார்.

“ஏய், ஊரு முன்னால என் மானத்தை வாங்கவா வந்தே? கூடையைக் குடு இங்கிட்டு!”

பிடுங்கினார். பாதிச் சேறு அவர் சட்டையில். பிடுங்கிய பிறகுதான் அவருக்குத் திண்டாட்டம். கூடை கையில் இருக்கிறது. கீழே போடலாம். ஆனால் ஊர் முழுவதும் அந்தக் கூடையையே பார்க்கிறது. அண்ணன் ஒரு தடவை அவர்களைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கூடையைத் தலையில் ஏற்றினார். கரைமேல் ஏறி, சரிந்த இடத்தில் கவிழ்த்தார்.

மலையாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். “ஏலே, மம்பட்டியை எடுங்கடா” என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கரையில் கால் வைக்க இடமில்லை. சோணையம்மாள் என்னைத் தள்ளிவிட்டு என் இடத்தில் நின்றுகொண்டாள். அண்ணன் ஒரு கூடையோடு நிறுத்த முடியாமல் இருட்டும்வரை சுமந்தார். கரை நின்றுவிட்டது.

ராத்திரி அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். மதினி மட்டும் சோறு போடும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

26-11-62

சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொல்கிறார்கள். தலைமையம்மா முகம் மாறவில்லை. கொழும்பு மாநாடும் நடக்காதாம், காக்கா வந்து சொன்னார். “விடுங்க டீச்சரம்மா, அல்லாஹ் வேற வழி வச்சிருப்பான்” என்றார். எனக்கு அழுகையாக வந்தது. அவர் முன்னால் அழவில்லை.

இன்னொரு குடைச்சல். கரையில் நடந்தது என் கட்சிக்குச் சாட்சியா? ஆள்பவன் நல்லவனாக இருந்து வழிகாட்டினானா? தங்கச்சி மேல் ஆத்திரம், ஊர் முன்னால் வெட்கம். ஆனாலும் ஊர் எழுந்ததே. அந்தச் சீனக் கிழவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா? தேடித் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

10-2-63, ஞாயிறு.

மாநாடு நின்றாலும் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். காக்கா கையில் கடிதம் வந்தது. அனுமதி கேட்டால் கிடைக்காது. கேட்கப்போவதில்லை. “எங்கள் ஊரில் இன்றும்” வரியை அடித்துவிட்டேன். அந்த இடம் மூன்று நாளாக வெறுமையாகக் கிடக்கிறது.

மத்தியானம் அண்ணன் வந்தார். ஒரு மூட்டைப் புது நெல். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் விளைந்தது. நவம்பருக்குப் பிறகு இன்றுதான் என் வீட்டுப் படி ஏறுகிறார். சாப்பிட்டார். மேஜையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். கை கழுவிவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

“ஆடி மாசத்துக்கு ஒரு நோட்டீசு எழுதிக் குடு. உன் எழுத்துதான் எல்லாருக்கும் வாசிக்க லேசா இருக்கு.”

“அபராதம் எவ்வளவுன்னு போட?”

“அதெல்லாம் போடாத. தலைவரு விடியக்காலையில மேலக்கரைக்கு வந்துருவாருன்னு எழுது.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னத்துக்கு?” என்றார். சொல்லிவிட்டு எரிந்து விழுந்தார். “எழுதுத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

எழுதிக் கொடுத்தேன். அவர் போனதும் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, வெறுமையாகக் கிடந்த இடத்தில் அந்த நோட்டீஸ் வரியையே எழுதினேன்.