குக்கர் கேட்டதும் எழுந்தவன்

இன்று காலை கடையில் புதுச் சரக்கைப் பிரித்தேன். சாக்குத்தூசியும் பழைய செய்தித்தாளும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலி. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

முசிறியிலிருந்து பஸ் ஏறி வந்த நாம் இரண்டு பேரும் மலைக்கோட்டைக்குக் கீழே கூட்டாகப் பாத்திரக்கடை போட்டோம். பேரம் என் வேலை, வரவேற்பு உன் வேலை. வாசலில் நிழல் விழுந்தால் போதும், எழுந்துவிடுவாய். "உக்காந்துக்கிட்டே வாங்கன்னு சொன்னா, போங்கன்னு அர்த்தம்டா" என்பாய்.

மறதி நோய் வந்து இரண்டாம் வருஷம் குளியலறையில் விழுந்தாய். இடுப்பில் ஆபரேஷன். பயிற்சி கொடுக்க உன் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு முதலில் வந்தவன், "வலது காலைத் தூக்குங்க, பத்து எண்ணுங்க" என்று கத்தினான். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரே வாரத்தில் "ஒத்துழைப்பு இல்லை" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனான். உன்னையா சொன்னான், ஒத்துழைப்பு இல்லையென்று! நாங்கள் மட்டும் என்ன? வந்தவர் போனவரெல்லாம் "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று உனக்குப் பரீட்சை வைத்தோம். நானும் வைத்தேன்.

பிறகு காட்டூரிலிருந்து அந்தப் பிசியோதெரபிப் பெண் வந்தாள். உன்னை ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்: "கடையில இவரு என்னங்க செய்வாரு? எங்க உக்காருவாரு, எதுக்கு எந்திரிப்பாரு?" மறுநாள் உன்னை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர் அலமாரியில் நான் கொண்டுபோன பாத்திரங்களை அடுக்கினாள். வெளியே போய், கையில் பையோடு உள்ளே வந்தாள்.

"அண்ணே, மூணு லிட்டர் குக்கர் இருக்கா?"

நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாய்.

"வாங்கம்மா, வாங்க. அடிக்கனமா வேணுமா?"

நாலடி நடந்தாய். அவள் கை உன் இடுப்புக்குப் பின்னால் தொடாமல் கூடவே வந்தது.

"பேரு ஊரெல்லாம் தேடி எடுக்கணுங்க. இது உடம்புல ஊறினது, தேட வேணாம். காலைத் தூக்குன்னா யோசிப்பாரு, யோசிச்சா நின்னுடுவாரு" என்றாள்.

அலமாரியைத் தினம் ஓரடி தள்ளி வைத்தாள். பதினைந்து நாளில் கூடத்தைக் கடந்துவிட்டாய்.

அப்போதுதான் உன் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். "மெஷின் இல்ல, கரண்ட் வைக்கல. சட்டி பானை வெச்சு விளையாடறதுக்குப் பேரு வைத்தியமா? நீங்களே சொல்லுங்க சித்தப்பா" என்றான்.

அடிக்கனம் பார்த்தே சரக்கு எடுத்துப் பழகியவன் நான். அவள் வேலையில் என் கண்ணுக்குக் கனமாக எதுவும் தெரியவில்லை. "ஆமாப்பா, மெஷின் வெச்சிருக்கவங்களையே பாரு" என்றேன். அவளை நிறுத்திவிட்டான்.

மெஷின் வந்தது. வயரைப் பார்த்தாலே கையைத் தட்டிவிட்டாய். அப்புறம் கட்டில். முதுகில் புண். காய்ச்சல். நாலாவது மாதம் போய்விட்டாய்.

நோட்டில் எழுதியவன் மேல் கோபம். உன் மகன் மேல் கோபம். ஆனால் அவன் பார்த்தது ஒரே நாள். நீ ஒவ்வோர் அடியாக நடந்ததைப் பதினைந்து நாளும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கூட்டு வியாபாரத்தில் எதிலும் சரிபாதிக்கு மேல் நான் எடுத்ததில்லை. இந்தக் கோபத்தில் மட்டும் பெரும்பங்கு எனக்குத்தான்.

சரக்கைப் பாதி பிரித்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. எழுந்துவிட்டேன். மூட்டு முறுக்கியது. "எதுக்குங்க எந்திரிக்கிறீங்க, உக்காருங்க" என்றார் வந்த அம்மாள். நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது:

"வாங்கம்மா, வாங்க. அடிக்கனமா வேணுமா?"