பதினைந்தாம் எண் யாருக்கு?

ஆகஸ்ட் 28, புதன்

காலை முழுக்கத் தூறல். கொடியில் போட்ட துணியை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை போட்டேன். நாளை பள்ளி திறக்கிறது. நான் ஓட்டும் பேருந்தைக் கழுவி எண்ணெய் பார்த்து வைத்தேன். பின் இருக்கைக்கு அடியில் போன வருடத்து ஆரஞ்சு ஒன்று, கல்லாகிக் கிடந்தது.

என் புருஷன் மலாக்கிக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு பதினைந்து வாரம். கால் தேறிவிட்டது, தடியோடு வாசல் கேட் வரை போய்வருகிறான். வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. பேச்சு வரவில்லை. அவனிடம் மிஞ்சியது "ம்", "இல்ல", அப்புறம் "சனியனே". அந்தச் சனியனே மட்டும் பிசிறில்லாமல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை கொண்டுவந்த பாதிரியாரையும் அப்படித்தான் வரவேற்றான். அவர் நல்ல மனிதர், "உனக்கும் அப்படியே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் பெயர் வரவில்லை.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம். எதைக் காணோம் என்றாலும் "பிரீஜ்!" தான். தொப்பியைக் காணோம், பிரீஜ்! சாவியைக் காணோம், பிரீஜ்! தொழுவத்தில் நின்று கத்தினால் சாலை வரை கேட்கும். "கண்ணு முன்னாடிதான் இருக்கு, பாரு" என்று எரிந்து விழுவேன். இப்போது ஏதாவது வேண்டும் என்றால் தடியால் தரையைத் தட்டுகிறான்.

புதன்கிழமைகளில் இந்த வீடு இப்படி இருந்ததில்லை. வாரப் பத்திரிகை அன்றுதான் வரும். பள்ளியிலிருந்தே அவனோடு சுற்றும் ஜார்லத்தும், பள்ளிச் சமையலறையில் இருந்து ஓய்வுபெற்ற கொன்செப்டாவும் வந்துவிடுவார்கள். அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசிப் பேசி, எங்கள் கில்பரான் கால்பந்து அணிக்கு (அயர்லாந்துக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர், கம்பத்துக்கு மேலே அடித்தாலும் ஒரு புள்ளி) மூவருமாகப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அணித் தேர்வாளர்கள் ஒருநாளும் இவர்களைக் கேட்டதில்லை, அது வேறு விஷயம். மே மாதம் நான்தான் வர வேண்டாம் என்று சொன்னேன். டாக்டர் அமைதி வேண்டும் என்றார். அது மட்டும்தானா? அவ்வளவு பேசிய மனுஷன் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

செப்டம்பர் 2, திங்கள்

மாவட்டக் கோப்பைக் காலிறுதிக்கான சீட்டுக் குலுக்கல், உள்ளூர் வானொலியில். கிண்ணத்தில் சீட்டுகள் உரசும் சத்தம்கூடக் கேட்டது. கில்பரானுக்கு எதிராக... டிரம்லா! பக்கத்துத் தேவாலயப் பங்கு. ஒரே ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். இனி தோற்றால் அத்தோடு சரி.

மலாக்கி எழுந்துவிட்டான். வாய் திறக்கிறது, மூடுகிறது, முகம் சிவந்துபோயிற்று. எனக்குப் பயம். வானொலியை நிறுத்திவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை — சே, ஏன் நிறுத்தினேன்?

செப்டம்பர் 4, புதன்

பேருந்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், என் சமையலறை மேசையில் ஜார்லத்தும் கொன்செப்டாவும்! பத்திரிகை விரித்திருக்கிறது. ஆப்பிள் பணியாரம் பாதி தீர்ந்திருக்கிறது. நடுவில் மலாக்கி.

"டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த டாக்டர் எந்த ஊரு?" என்றாள் கொன்செப்டா. "டிரம்லா. காலிறுதி முடியற வரைக்கும் அவர் பேச்சை நீ கேக்கவே கூடாது, தாயே."

தேநீர் போட்டேன். ஜார்லத் பேசிக்கொண்டே போனான். "டிரம்லாக்காரன்ல நாலு பேரு ஆறடிக்கு மேல. நமக்கு நடுவுல ஒரு மரம் மாதிரி ஆளு வேணும். எண்பத்தெட்டு இறுதி ஆட்டத்துல நின்னான் பாரு நம்ம ரூவன், ஆறாம் நம்பர் சட்டையில—"

மலாக்கியின் இடது கை மேசையில் இடி மாதிரி இறங்கியது. கோப்பைகள் குதித்தன.

"இல்ல! ஹெனகன்!"

கொன்செப்டா கையிலிருந்த பணியாரத்தைக் கீழே வைத்தாள்.

"என்னடா சொன்ன?" என்றான் ஜார்லத்.

"ஹெனகன்." பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கோல்காவலன் டோனலனில் ஆரம்பித்தான். கில்ராய், மங்கன், இன்னொரு கில்ராய், ரூவன், ஹெனகன்... ஜெபமாலை சொல்வது போல ஒரே ஓட்டமாக ஓடி, பதினைந்தாவது ஆளில் வந்து நின்றான். முப்பத்தொரு வருடம் முன்பு கில்பரான் கோப்பை ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பதினைந்து பேரையும் சொல்லிவிட்டான்.

"அஞ்சு ரூவன், ஆறு ஹெனகன். ஆமாம்டா, எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றான் ஜார்லத். பத்திரிகையாலேயே கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் மை. "ஆனா மாற்று ஆட்டக்காரனுங்க ரெண்டு பேரை விட்டுட்டானே? நானும் இவனும் அன்னிக்கு ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தோமே!"

"பெஞ்சு தேய்ச்சவனுக்கெல்லாம் ஜெபத்துல இடமில்ல" என்றாள் கொன்செப்டா.

மலாக்கி சிரித்தான். வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது. போனால் போகட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

கஞ்சி கொடுக்கும்போது "ஹெனகன்" என்றான். நானும் "ஹெனகன்" என்றேன். வேலைக்குத் தாமதமாகிவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கிளீனா, இருபத்தாறு வயதுதான் இருக்கும், பதினைந்து பேர் கதையைக் கேட்டுத் துள்ளிக் குதித்தாள். ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக மனப்பாடமானவை சிலருக்குத் தப்பிப் பிழைத்திருக்குமாம். தனியாக ஒரு சொல்லைத் தேடி எடுப்பதுதான் கஷ்டமாம். "வரிசையிலிருந்து ஒவ்வொண்ணா வெளிய கொண்டுவரலாம். அந்த நண்பர்களை வரச் சொல்லுங்க. நல்லா சண்டை போடச் சொல்லுங்க" என்றாள். நான் மூன்று மாதம் கதவைச் சாத்தி வைத்திருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

பிறகு படம் காட்டினாள். நாய். கரண்டி. ஒன்றும் வரவில்லை. கடைசியில் என்னைக் கைகாட்டி, "இவங்க யாரு, மலாக்கி?"

வெகுநேரம் என்னைப் பார்த்தான். உதடு குவிந்தது.

"சனியனே" என்றான்.

பாவம், அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், மலாக்கியும் சிரித்தான். அவனைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். காருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஜெயித்தோம்! டிரம்லாவை இரண்டு புள்ளி வித்தியாசத்தில். வானொலியில்தான் கேட்டோம். கொன்செப்டா ஓடைப் பாலத்தில் எங்கள் நீல வெள்ளைக் கொடியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறாள், பாலத்தின் பாதியைத் தாண்டி அவர்கள் பக்கத்தில்.

செப்டம்பர் 25, புதன்

இன்று ஒரு கேவலமான வேலை செய்தேன். எழுதிவிட்டால் மனம் ஆறும்.

தப்பாகச் சொன்னால்தானே அவனுக்கு ரோஷம் வந்து சரியான பெயர் வருகிறது? ஜார்லத் இப்போது வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்கிறான், இவன் மேசையைத் தட்டித் திருத்துகிறான். எண்பத்தெட்டு அணியில் தொடங்கி இப்போதைய பையன்கள் பெயரும் வர ஆரம்பித்துவிட்டது. அதனால் நான் பாத்திரம் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னேன்: "கோப்பை ஜெயிச்ச அன்னிக்கு நடன மண்டபத்துல நீ யாரோட ஆடின? கார்மெல் டுயிக்னனோடதானே?"

அன்று என்னோடு ஆடினான். முதல் தடவை. என் செருப்பு வார் அறுந்து, வெறுங்காலோடு ஆடினேன்.

மலாக்கி நிமிர்ந்து பார்த்தான். நான் என்ன செய்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. மேசையைத் தட்டவில்லை. எழுந்து வந்து, நுரையோடு இருந்த என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். "இல்ல" என்றான், அவ்வளவு மெதுவாக. பெயர் வரவில்லை. அவன் கண்ணில் தண்ணீர்.

இனி சோதிக்க மாட்டேன். சத்தியமாக.

அக்டோபர் 2, புதன்

ஞாயிறு அரையிறுதி. மூவரும் மூன்று மணி நேரம் பேசினார்கள். மலாக்கி இன்று எட்டுப் பேரைத் தனித்தனியாகச் சொன்னான். நாலாம் எண், ஓஷீன்! அந்த ஓஷீன் ஆறு வயதில் என் பேருந்தில் வாரம் தவறாமல் வாந்தி எடுத்த பயல். அவன் பெயர் தேன் மாதிரி வருகிறது. என் பெயர்? வாந்தியைத் துடைத்தது யாரு? நான்தானே! ஆஸ்பத்திரியில ராவும் பகலும் உக்காந்திருந்தது யாரு? பொறாமைதான். வேற என்ன? ஐம்பத்தேழு வயசுல, இருபது வயசுப் பையன் மேல பொறாமை!

கொன்செப்டா கோட்டை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பசங்க பேரை அவன் பத்திரிகையில படிச்சான், பிரீஜ். உன் பேரை எங்கயாச்சும் படிச்சிருக்கானா? கூப்பிட்டே பழகினவன். அது வேற இடத்துல இருக்கும்" என்றாள். அவளுக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் நன்றாக இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

சமநிலை, கூடுதல் நேரம், கடைசியில் ஒரு கோல். இறுதி ஆட்டத்தில் கில்பரான்! ஆனால் பதினைந்தாம் எண் குவிக்லி பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. மலாக்கி முதலில் ஜெயித்ததற்குக் கத்தினான், பிறகு குவிக்லிக்காகக் கத்தினான். இரண்டுக்கும் சனியனேதான்.

அக்டோபர் 16, புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

மேசையில் மூவர். நான் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். குவிக்லி இடத்தில் யார் என்று ஒரு வாரமாக ஊரே அடித்துக்கொள்கிறது. ஜார்லத்தின் தேர்வு ரோனன். கொன்செப்டாவுக்கு இளைய பர்க்.

"ரோனனுக்கு இடது கால் வெறும் அலங்காரத்துக்கு" என்றாள் கொன்செப்டா. "காத்து மாறினா பந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்."

"உன் பர்க் மட்டும்? அவன் மூச்சு வாங்கறது அடுத்த ஊருக்குக் கேக்குது."

"சரி, மலாக்கி சொல்லட்டும். அவன் வாக்குதான் முடிவு."

மலாக்கி ஆரம்பித்தான். கோல்காவலனிலிருந்து மெதுவாக, ஒவ்வொரு பெயராக எட்டிப் பிடித்து. நான்கில் ஓஷீன். எட்டில் திணறினான், ஜார்லத் வாயைத் திறந்தான், கொன்செப்டா அவன் காலை மிதித்தாள். வந்தது. பதின்மூன்று. பதினான்கு.

"பதினஞ்சு?" என்றான் ஜார்லத்.

மலாக்கி பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினான். அவர்களைத் தாண்டி என்னைப் பார்த்தான்.

"பிரீஜ்."

கிழங்கு கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

"அவளா? அவளுக்கும் இடது கால் வராதே" என்றான் ஜார்லத்.

"வாயை மூடுடா" என்றாள் கொன்செப்டா.

"பிரீஜ்" என்றான் மறுபடியும்.

"என்னப்பா?" என்றேன். அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் கிட்டே போய் நின்றேன். ஈரக் கையோடு அவன் தலையை வயிற்றில் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மற்ற இருவரும் கொல்லையில் ஏதோ பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார்கள். கொல்லையில் பார்க்க ஒன்றும் இல்லை, மழைதான்.

வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது, அதில் தவறி விழுந்த பெயரா? அவனே வைத்ததா? கிளீனாவிடம் கேட்கலாம். கேட்க மாட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

தோற்றோம். ஒரே ஒரு புள்ளி. தேர்வாளர்கள் ரோனனைத்தான் இறக்கினார்கள். கடைசி நிமிடம், சமன் செய்யும் வாய்ப்பு, இடது காலால் அடித்தான், பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. கொன்செப்டா ஜார்லத்தைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். பையன் புல்லில் குப்புற விழுந்து கிடந்தான். எங்கள் ஊர் மொத்தமும் இறங்கிப் போய் அவனைத் தூக்கியது, கொன்செப்டாதான் முதல் ஆள்.

இன்று மலாக்கியும் மைதானத்துக்கு வந்தான். கிளம்பும்போதே "பிரீஜ்! தொப்பி!" வழியெல்லாம் "பிரீஜ்", பாதி ஆட்டத்தில் "பிரீஜ், தேநீர்". திரும்பி வரும்போது நடுவரை, காற்றை, ரோனனின் இடது காலை எல்லாம் என் பெயர் சொல்லியே திட்டினான். அதற்கு மேல் சொல் வராத இடத்தில் சனியனே.

வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். முன்னறையிலிருந்து கூப்பிடுகிறான். மூக்குக்கண்ணாடியைக் காணோமாம். அது அவன் மடியிலேயே இருக்கிறது, இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.