பதினேழாம் விதி

ஜூன் 3, செவ்வாய்

கடையில் ஒரு பெரியவருக்கு நாலு கண்ணாடி ஃபிரேம் மாட்டிக் காட்டினேன். நாலிலும் தன் தம்பி மாதிரியே தெரிகிறதாம். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லையாம். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

சாயந்திரம் எங்கள் சர்ச்சில் சபைக் குழுக் கூட்டம். பழைய செயலாளர் மாற்றலாகிப் போய்விட்டதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இளைஞர் சங்கத்தின் சார்பில் குழுவுக்குள் வந்து மூன்று மாதம் ஆகிறது. இதுவரை நான் பேசிய மொத்தப் பேச்சு இரண்டு "ஆமா". குழுவில் மூத்தவரான இன்ஜினியர் ஐயாதான் என் பெயரைச் சொன்னார். "எழுதற வேலைதானே. கையெழுத்து அழகா இருக்கு, படிச்ச பொண்ணு, வாயும் திறக்காது. இதவிடப் பொருத்தமா யார் கிடைப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் அந்தக் கோயிலில்தான் வேலை பார்க்கிறார் - மணியடிப்பது, கதவு திறப்பது, பெருக்குவது எல்லாம். வீட்டின் முதல் பட்டதாரி இப்போது செயலாளர். அம்மா மட்டும், "அதுக்காக பாத்திரம் கழுவறதுல லீவு கிடையாது" என்றாள்.

ஜூன் 7, சனி

பழைய மினிட்ஸ் நோட்டுகளைப் படித்தேன். போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்ய ஆறு பேர் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆறும் ஆண்கள். அதில் ஒருவர் எந்த வசனத்தில் ஆரம்பித்தாலும் தன் சிறுநீரகக் கல்லில் வந்துதான் முடிப்பார்.

அந்தப் பட்டியலில் தன்னையும் சேர்க்கச் சொல்லி, பெண்கள் சங்கத்தின் சார்பில் குழுவில் இருக்கும் டெய்லர் அக்கா மூன்று வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார். சங்கத்தில் அவர் பேசினால் கைக்குழந்தைகூட அழாது. நோட்டில் பதில்: "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்." ஏழு கூட்டங்களில், மூன்று பேர் கையெழுத்தில், அதே வரி. எட்டாவதை நான் எழுத வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அறிவிப்புகளை நான் எழுதினேன், இன்ஜினியர் ஐயா வாசித்தார். ஒரு கல்யாணத்தையும் ஒரு அடக்கத்தையும் ஒரே மூச்சில்.

ஜூன் 12, வியாழன்

போதகர் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாதாம்.

மத்தியானம் டெய்லர் அக்கா கடைக்கு வந்தார். கண்ணாடியில் திருகாணி லூசு என்றார். திருகாணி நன்றாகத்தான் இருந்தது. "விதிப் புத்தகம் உன்கிட்டதானே இருக்கு? பதினேழாவத படிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். போதகர் வர இயலாத கூட்டத்துக்குச் செயலாளரே தலைமை வகிக்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் சேர்த்த விதி. முன்மொழிந்தவர் இன்ஜினியர் ஐயா! அப்போது அவர்தான் செயலாளர். தனக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒருநாள் நான் வந்து மாட்டிக்கொள்வேன் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

22ஆம் தேதி கூட்டம்.

ஜூன் 15, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? என்ன உடம்புக்கு? கல்லு மாதிரி இருக்கு.

ஜூன் 19, வியாழன்

அப்பாவிடம் பதினேழாம் விதியைச் சொன்னேன். குத்துவிளக்கு மாதிரி நிமிர்ந்து நிற்பவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊழியர்களின் பொறுப்பு இன்ஜினியர் ஐயாவிடம். அப்பாவின் வேலையை வருடா வருடம் புதுப்பிப்பது அவர்தான், அதுவும் அடுத்த மாதம்.

"நீ அந்த இடத்துல உக்காந்துட்டா மறுநாள் காலைல நான் அவர் மூஞ்சில முழிக்கணும்மா" என்றார். அவ்வளவுதான்.

கோவம் கோவமா வருது. யார் மேலன்னுதான் தெரியல. அப்பா சொல்றதுல என்ன தப்பு? நான் மட்டும் பெரிய இவளா? ஆனா அந்த எட்டாவது வரிய என் கையால எப்படி எழுதறது -

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் போகும்போது இன்ஜினியர் ஐயா ஏற்கெனவே போதகர் உட்காரும் நடு இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஓரமாக, நோட்டோடு. அவர் ஜெபம் பண்ணத் தொண்டையைச் செருமினார். நான் விதிப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். விரல் பதினேழில் இருந்தது.

அவர் படித்தார். அடியில் இருந்த தன் பெயரையும் படித்தார். அது வேறு சூழ்நிலை, அப்போதைய செயலாளர் வேறு என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினார். கடைசியில் அவரே எழுந்துவிட்டார். "சரி. நான் எழுதினத நானே மீற முடியாது. வாம்மா, உக்காரு."

உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லையோ என்று சந்தேகம்.

டெய்லர் அக்கா விஷயம் வந்தது. ஐயா எதிர்த்து பைபிளில் ஒரு வசனம் எடுத்தார், அக்கா பதிலுக்கு ஒரு வசனம் எடுத்தார். பிறகு தன்னைப் பற்றிய முடிவு என்பதால் அக்கா வெளியே போனார். போகும்போது, "மூணு வருஷமா பிரசங்கம் ரெடியா இருக்கு. இன்னும் தள்ளிப் போனா அதுக்கே முடி நரைச்சிரும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அடுத்த கூட்டத்துல" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான சொல்!

"சம்மதம்னா கை தூக்குங்க" என்றேன்.

டீச்சர், பாடகர் குழு மாஸ்டர், இளைஞர்கள் இரண்டு பேர். நாலு. அப்புறம் இன்ஜினியர் ஐயாவின் சொந்த மச்சினன், ஃபேனைப் பார்த்துக்கொண்டே, ஐந்தாவது கை. எதிர்ப்பு மூன்று.

ஐயா மச்சினனைப் பார்த்தார். மச்சினன் ஃபேனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஐயா என்னிடம், "எனக்குச் சம்மதம் இல்லன்னு எழுதிக்கோ. பேரப் போட்டே எழுது" என்றார். எழுதினேன். அவர் பெயர் மட்டும் கோணல்.

ஜூன் 23, திங்கள்

காலையில் ஐயா கோயிலுக்கு வந்தாராம். நேற்று மணி இரண்டு நிமிடம் தாமதம் என்று அப்பாவைத் திட்டினாராம். வழக்கமான திட்டுதானா, வேறு எதுவுமா என்று அப்பாவும் நானும் ராத்திரிச் சாப்பாடு முழுக்க ஆராய்ந்தோம். "வழக்கமானதுதான்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

ஜூலை 6, ஞாயிறு

டெய்லர் அக்கா பிரசங்கம். பதினாலு நிமிடம். சிறுநீரகக் கல் இல்லை. இன்ஜினியர் ஐயா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஒரு இடத்தில் சபை சிரித்தபோது அவர் தோளும் குலுங்கியது. வெளியே வந்து, "கொஞ்சம் நீளம்" என்றார்.

ஜூலை 9, புதன்

அப்பாவின் வேலையை இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துக் கடிதம் வந்தது. ஐயாவின் கையெழுத்து. வேறு ஒரு சொல்லும் இல்லை.

நான் அடுத்த கூட்டத்துக்கான அழைப்பை எழுதிக்கொண்டிருந்தேன். போதகர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்பா வாசலில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார் - எங்கள் வீட்டு அறைக்குள் வர. போதகரிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"ஞாயித்துக்கிழம ஹால எத்தன மணிக்குத் தொறக்கட்டும்?"

"ஆறு மணிக்குப்பா."

"அஞ்சே முக்காலுக்கே தொறந்துடறேன்" என்றார்.