பதினொரு பிள்ளைகளுக்கு ஒரே வீடு

ஜூலை 10, 2025, வியாழன்
ராஜபாளையத்தில் எங்கள் பங்குப் பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையைத் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமின் என் தலையில் கட்டிவிட்டார். பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டேன். "நாளைக்கி எடுத்துத் தாரேன் சார்" என்றார் கிளார்க் பாண்டிச்செல்வம். பீரோ அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஏன் நாளைக்கு?

ஜூலை 14
நான்கு நாள் இழுத்தடித்துக் கொடுத்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்து ராஜபாளையம் மில்களில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள், 1968 முதல் நாற்பது பேருக்கு மேல். எல்லோருக்கும் முகவரி 'பங்குச் சாமியார் இல்லம்'. நாற்பது பிள்ளைகளும் ஒரு சாமியார் வீட்டிலா குடியிருந்தார்கள்? எங்கேயோ உதைக்கிறது.

ஜூலை 17
பாண்டிச்செல்வம் டீ குடிக்கப் போன நேரத்தில் இந்த வருடப் பதிவேட்டையும் புரட்டிவிட்டேன். ஆரம்பப் பிரிவில் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் ஒரே முகவரி, ஸ்ரீவில்லிபுத்தூரில். அது பாண்டிச்செல்வத்தின் வீடு.

ஜூலை 22
மூன்று மணிக்கு, மேப் கேட்கிற சாக்கில், வழக்கமாக நான் எட்டிப் பார்க்காத ஆரம்பப் பிரிவுக்குப் போனேன். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட இல்லை. வருகைப் பதிவில் மட்டும் மதியமும் வந்ததாக இருக்கிறது. "வயித்து வலின்னுச்சுக சார், அனுப்பிட்டேன்" என்கிறார் மாரிசெல்வி டீச்சர். பதினொரு வயிறும் ஒரே நேரத்திலா வலிக்கும்?
போலிப் பெயர்கள். தலை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்று எழுதி நிரப்பியிருக்கிறார்கள். நாளைக்கு மாட்டினால் மலரில் என் பெயரும் சேர்ந்து நாறும்.

ஜூலை 28
ஆண்டாள் தேர், உள்ளூர் விடுமுறை. தேர் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. "புள்ளைகளா? அவிய புருசன் பொஞ்சாதி ரெண்டே பேருதான்" என்றார் எதிர்வீட்டு சுடலையம்மாள். "நீங்க யாரு, பேங்குலருந்து வாறீகளா?"
தேரை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 29
கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். என் பெயர் போடவில்லை. மொட்டைக் கடிதம்தான். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6
கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் இரண்டு பேர் காலையில் வந்துவிட்டார்கள். பதினொரு பிள்ளைகளும் இருந்தன. நமிதா என்ற ஏழு வயதுப் பெண் தமிழ்ப் பாடத்தைத் திக்காமல் வாசித்தாள். அப்போதும் என் புத்தி, வாடகைக்குப் பிடித்து வந்திருப்பார்களோ என்றுதான் போனது.
எங்கே தங்கியிருக்கிறாய் என்று அதிகாரி கேட்டார். நமிதா மில்லின் பெயரைச் சொன்னாள். அவர் அங்கிருந்தே மில்லுக்குப் போன் போட்டார்.
பாண்டிச்செல்வம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மில்லு குவார்ட்டர்ஸ்ல வேல பாக்குறவுக புள்ளைகள வச்சுக்கிடக் கூடாது சார். ஒளிச்சு வச்சிருந்தாக. ரெண்டு மணி ஷிப்டு மாறுற கூட்டத்தோடதான் வாட்ச்மேனுக்குத் தெரியாம உள்ள நுழைய முடியும். அதான் ஒன்றரைக்கே அனுப்புவோம். மில்லு அட்ரஸ எழுத முடியுமா? அந்தக் காலத்துல வீடு இல்லாத புள்ளைகளுக்குச் சாமியார் தன் அட்ரஸக் குடுத்தாரு. நான் எங்க வீட்டக் குடுத்தேன். எவனோ மொட்டக் கடுதாசி போட்டுட்டான் சார்."
என்னிடம் சொல்கிறார். என் மேல் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை.

ஆகஸ்ட் 8
பிள்ளைகளின் குடும்பங்களை மில்லிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். எவனோ இல்ல, நாந்தான். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே — ஏன் கேக்கல?

ஆகஸ்ட் 11
கடிதம் போட்டது நான்தான் என்று பாண்டிச்செல்வத்திடம் சொல்லிவிட்டேன். பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
நமிதாவின் குடும்பம் செட்டியார்பட்டிப் பக்கம் வேறொரு மில்லில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பின்பக்கம் தகரக் கொட்டகை. அவள் அம்மா கதவை மறித்து நின்றார். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றேன். என் வீட்டு முகவரியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நோட்டை எடுத்தேன்.
"எதுக்குப் பேரு எழுதுது? யாரு அனுப்புச்சு?"
யாரும் அனுப்பவில்லை என்றேன். அவர் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள இல்ல. ஊருக்குப் போச்சு."
கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை தும்மியது. அவர் அசையவில்லை.
"சரிம்மா, ஊருக்குத்தான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.