நீட்டு லென்ஸ்

இஞ்சேரும்,

நீர் கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதில் உம்முடைய போன் இங்கே கிடப்பதால் கடிதம் எழுதுகிறேன். உம்முடைய தையல் மெசினை விற்று நான் லென்ஸ் வாங்கியதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

போன கிழமை சீனன்குடா விமானப்படை முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணச் சோடியை நிறுத்தி, அந்த நீட்டு லென்ஸைத் தூக்கினேன். காவலுக்கு நின்றவர் ஓடிவந்து, படமெடுக்கக் கூடாத இடமென்று கமராவை வாங்கி வைத்துவிட்டார். பின்னேரம்தான் தருவாராம்.

சோடியோடு கடற்கரைக்குப் போனேன். "அண்ணே, வெயில் போகுது, போனிலயாவது எடுங்கோ" என்றாள் கல்யாணப் பொம்பிளை. நான் காவலரிடம் கெஞ்சியதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். கண்ணாடி வெடித்த உம்முடைய போனில் எடுத்தேன். அல்பத்தின் முகப்புக்கு அந்தப் படம்தான் வேண்டுமாம்.

"படமெடுக்கிறது கண், லென்ஸ் இல்லை" என்று நீர் கத்தியது சரியென்று நான் எழுதவில்லை. லென்ஸை விற்றதில் மெசின் திரும்பவும் பழைய மூலைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அடுத்த கல்யாணம். போனில் சார்ஜ் இல்லை, சார்ஜர் உம்முடைய கைப்பையில். தபாலில் மட்டும் அனுப்பாதேயும்.

இப்படிக்கு,
நீர் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடுகிறவன்