மூக்கனின் தோலுக்கடியில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும், என் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு கிடக்கிற மூக்கனும் சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

போன வாரம் தெருவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், மாதக் கடைசிக்குள் வீட்டு நாய்க்கெல்லாம் தோலுக்கடியில் சிப் போட வேண்டுமாம். நாய் காணாமல் போனால் ஒரு கருவியைக் காட்டினால் போதும், யார் வீட்டு நாய் என்று தெரிந்துவிடுமாம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா தன் நாய்க்குப் போட்டுவிட்டு வந்து, அரிசி அளவுதான்க்கா, கொட்டாவி விட்டுக்கிட்டே நின்னுச்சு, நீங்க ஏன் இழுத்தடிக்கிறீங்க என்று கேட்டாள். அப்பாவோ, அவனுக்கு எதுக்கு சிப்பு, எனக்குப் போடச் சொல்லு, நான்தானே தொலைஞ்சு போறவன் என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷர், இப்போது பால் வாங்கப் போனால் பேக்கரி முனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார். மூக்கன்தான் கயிற்றை இழுத்து வீட்டுக்குக் கூட்டி வருகிறான், இரண்டு தடவை பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

நான் இழுத்தடிப்பதற்குக் காரணம் வேறு. நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் அவனைக் குளிப்பாட்டினேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என் வேலை உனக்குத் தெரியும், துவைக்கப் போடும் முன் துணியில் ஊசி ஏதும் மறந்து கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. இருபது வருஷத்தில் இந்த விரல்கள் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. மூக்கனின் இரண்டு தோளுக்கும் நடுவில், சோப்பு நுரைக்குள், அரிசி அளவில் ஒன்று நகர்ந்தது. குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் நனைந்து கிடந்தவனை அப்பா தூக்கி வந்தபோது கழுத்தில் பட்டை இல்லை, யாருமில்லாதவன் என்றே நினைத்தோம். நான்கு நாள் சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தானே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்கட்டும் என்று தினமும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் அவனைக் கொல்லைப்பக்கம் விட்டுவிட்டுத்தான் திறக்கிறேன். டாக்டரிடம் போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் நேற்றுவரை இருந்தேன். நேற்று உன் அலமாரியைத் துடைக்கும்போது, போன மழைக்காலத்தில் உன் போன் அணைந்து கிடந்த அந்த இரண்டு நாள் ஞாபகம் வந்தது. அங்கே யாரோ உன்னை நன்றாகவே பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன். அந்த இரண்டு நாள் யாருக்கோ மூன்று வருஷமாக நடந்துகொண்டிருக்கிறதே அம்மா.

சனிக்கிழமை பத்து மணிக்கு நாய் டாக்டரிடம் போகிறோம். சிப் போடத்தான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், போடும் முன் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று டாக்டர் அந்தக் கருவியைக் காட்டிப் பார்ப்பார் என்பதைச் சொல்லவில்லை. கயிறு அவர் கையில்தான் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கதவைத் தாழ்போட்டுத் தூங்கு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை போனை மட்டும் கையிலேயே வைத்திரு. நான் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால், நீயே அப்பாவிடம் பேசு.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா